கேம் பெட்டிக்குள் இத்தனை எதற்கு? தக்கலையிலிருந்து ஓர் அனுபவம்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்குக் கேம் கன்சோல் கடையிலிருந்து வருவதில்லை. கல்ஃபிலிருந்து லீவுக்கு வருபவர்களின் பெட்டியில் வருகிறது. கருங்கல், குளச்சல், மார்த்தாண்டம், திங்கள்நகர் என எங்கே போனாலும் இதே கதைதான். பெட்டியைப் பிரித்து டிவி பக்கத்தில் வைத்ததும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "இதுல படம் பாக்கலாமா மக்ளே?" என்றுதான். என்ன கேம் ஓடும் என்று கேட்பவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப்பும் சிசிடிவியும் பிழைப்பு, கன்சோல் என் ஆசை. தெரிந்தவர்கள் வீட்டுக்குக் கன்சோல் வந்தால் இணைத்துக் கொடுக்கக் கூப்பிடுவார்கள். அப்படிப் போய்வந்ததில் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. கன்சோலில் கேம் அல்லாத வசதிகள் எத்தனை இருக்கின்றன என்பது பெரிய பிரச்சினையே இல்லை. அவை கேமுக்கு முன்னால் வந்து நிற்கின்றனவா, நெட் இல்லாதபோது கேமையும் சேர்த்து முடக்குகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது சோனியின் பிளேஸ்டேஷன் 2. மஸ்கட்டில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்தார். படிக்கிற பையனுக்கு இது எதற்கு என்று அம்மா முகம் சுளித்தாள். அதில் டிவிடி ஓடும் என்று தெரிந்ததும் பேச்சு மாறியது. அப்போதெல்லாம் கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர்கள் டிவிடியில்தான் கொடுப்பார்கள். அக்கா கல்யாணம், சித்தி மகள் கல்யாணம், ஊர்க் கோயில் திருவிழா எல்லாம் அந்தப் பெட்டியில்தான் ஓடின. பகலில் பாட்டா கல்யாண வீடியோ பார்ப்பார், சாயந்திரம் நான் கார் ஓட்டுவேன். டிவிடி ஓட்டும் வசதி இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கன்சோல் ஹாலுக்கே வந்திருக்காது, அலமாரியில் பூட்டு போட்டு இருந்திருக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. டிவிடிகளுக்கு உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருந்தார்கள். மத்திய கிழக்கு 2, இந்தியா 5. கல்ஃபில் வாங்கிய பெட்டியில் இங்கே வாங்கிய ஒரிஜினல் ஆங்கிலப் படம் ஓடாமல் போகலாம். தமிழ்ப் பட டிவிடிகள் பெரும்பாலும் எந்தப் பகுதிக்கும் பொதுவாக வந்ததால் தப்பித்தோம். ஊர் மாறி வந்த கன்சோலுக்கு இந்தத் தொல்லை இன்றும் வேறு உருவத்தில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உலக அளவிலும் இந்தக் கதை நடந்ததுதான். 2000 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தபோது, டிவிடி பிளேயர் வாங்க நினைத்த பலர் கன்சோலையே வாங்கினார்கள். அடுத்த வருடம் வந்த நின்டெண்டோ கேம்க்யூப் சிறிய டிஸ்க் வைத்துக்கொண்டு டிவிடி ஓட்டாமல் நின்றது. பிளேஸ்டேஷன் 2, 15 கோடிக்கு மேல் விற்றது, கேம்க்யூப் இரண்டு கோடியைக் கொஞ்சம் தாண்டி நின்றது. இதோடு நிறுத்தினால் கூடுதல் வசதிதான் வெற்றி என்று தோன்றும். ஆனால் 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சைப் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் கிடையாது, டிஸ்க் கிடையாது, மெனுவில் பிரவுசரும் கிடையாது. எடுத்தால் கேம், வைத்தால் கேம். அதுவும் 15 கோடியைத் தாண்டிவிட்டது. படம் ஓட்டிய பெட்டியும் ஓட்டாத பெட்டியும் ஒரே உயரத்துக்குப் போயிருக்கும்போது, வசதிகளின் எண்ணிக்கையை வைத்துச் சண்டை போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

தோற்றுப்போன முயற்சியில்தான் பாடம் அதிகம். 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்பாக்ஸ் ஒன்’ கன்சோலை அறிமுகம் செய்தபோது, மேடையில் கேமுக்கு இணையாக டிவியைப் பற்றிப் பேசினார்கள். செட்டாப் பாக்ஸைக் கன்சோலுக்குள் செருகி, கன்சோல் வழியாகவே சேனல் பார்க்கலாம். பேச்சையும் அசைவையும் கவனிக்கும் கினெக்ட் கேமரா கட்டாயம் சேர்ந்தே வரும். விலை 499 டாலர். போட்டிக்கு வந்த பிளேஸ்டேஷன் 4-இன் விலை 399 டாலர். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அதைக் கைவிட்டார்கள். அடுத்த வருடம் கினெக்ட் இல்லாமலும் விற்றார்கள், 2017-இல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்தினார்கள். கேம் ஆட வந்தவனிடம் அவன் கேட்காத கேமராவுக்கும் சேர்த்துக் காசு வாங்கியதுதான் அங்கே தவறு. அந்தக் கன்சோல் ஒன்றைக் குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் இணைத்துக் கொடுத்தேன். செட்டாப் பாக்ஸை நேராக டிவியில் போட்டுவிட்டு, கன்சோலை கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த வீட்டுக்கு அது போதுமாக இருந்தது.

செட்டாப் பாக்ஸைப் பிரித்து வைக்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்ம மாவட்டத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயந்திரமானால் இடி மின்னல். கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், பயமில்லை என்று இருப்பார்கள். ஆனால் கேபிள் வயர் செட்டாப் பாக்ஸில் செருகியே இருக்கும், நெட் வயரும் இருக்கும். அந்த வழியாக ஏறிய மின்சாரம், கருவியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயர் வழியே அடுத்தடுத்த கருவிக்குப் போகும். இடிக்கு அப்புறம் என் கடைக்கு வந்த சில கன்சோல்களில் மற்றதெல்லாம் நன்றாக இருக்கும், எச்டிஎம்ஐ பகுதி மட்டும் போயிருக்கும். ஆகவே வானம் கறுத்தால் கரண்ட் பிளக், கேபிள் வயர், நெட் வயர் மூன்றையும் கழற்றுங்கள். எத்தனை கருவிகளை ஒன்றோடொன்று கோக்கிறோமோ, இடிக்கு அத்தனை வழி.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். இந்த மாவட்டத்தில் அந்தத் தேதியை யாரும் மறக்க முடியாது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் இருக்கும் மண்ணில் அந்த நாட்களைப் பற்றி கேம் பேச்சோடு சேர்த்து எழுதுவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் நெட்டை நம்பிய கருவி என்றால் என்ன என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மின்கம்பங்களும் ரப்பர் மரங்களும் சாய்ந்து கிடந்தன, எங்கள் பகுதிக்குக் கரண்ட் வரவே பல நாள் ஆனது. கரண்ட் வந்த பிறகும் நெட் வரவில்லை. பள்ளிக்கூடம் இல்லாமல் முடங்கிக் கிடந்த பிள்ளைகள் கன்சோல் போட்டார்கள். டிஸ்க்கில் இருந்த கால்பந்து கேம் உடனே ஓடியது. டவுன்லோட் செய்து வைத்திருந்தவை எல்லாம் பூட்டுப் படத்தோடு நின்றன. அவை துபாயில் இருந்த அண்ணன் கணக்கில் வாங்கியவை. அண்ணனுடைய முதன்மைக் கன்சோலாகப் பதிவாகியிருந்த பெட்டி துபாயில் அவர் அறையில் இருந்தது. எங்கள் வீட்டுக் கன்சோல் ஒவ்வொரு முறையும் நெட்டில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. படம் பார்க்கும் ஆப்கள் எதுவும் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் பெட்டியில் பயன்பட்டவை டிஸ்க் கேமும், பென்டிரைவில் இருந்த பழைய படங்களும்தான்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் செய்யும் வேலை, நெட் இல்லாமலும் கேம் திறக்கும்படி அந்த வீட்டுக் கன்சோலை முதன்மையாகப் பதிவதுதான். பிளேஸ்டேஷன் 5 என்றால் செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதில் அதர், அங்கே கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே என்று இருக்கும். அதை ஆன் செய்ய வேண்டும். எக்ஸ்பாக்ஸில் மை ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்ற தேர்வு. ஒரு கணக்குக்கு ஒரு கன்சோலைத்தான் இப்படிப் பதிய முடியும். கல்ஃபில் இருப்பவரும் ஊரில் இருக்கும் தம்பியும் ஒரே கணக்கைப் பகிர்ந்தால், நெட் நிலையாக இருக்கும் இடத்தில் இருப்பவர் விட்டுக்கொடுத்து, ஊர்க் கன்சோலை முதன்மையாக வைப்பது நல்லது. பதிந்த பின் நெட்டைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு கேமும் திறக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

கணக்கு என்றதும் முன்பு சொன்ன பகுதிப் பிரச்சினை வருகிறது. பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது எந்த நாட்டைக் கொடுக்கிறோமோ அதுதான் கடைசிவரை, பிறகு மாற்ற முடியாது. இன்றைய கேம் டிஸ்க்குகள் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். ஆனால் அந்த கேமுக்குக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள், டிஸ்க் எந்தப் பகுதிக்கானதோ அந்தப் பகுதிக் கணக்கில் வாங்கினால்தான் சேரும். அமீரகக் கணக்கில் இந்திய கார்டு போட்டுத் திண்டாடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கல்ஃபிலேயே தங்கப்போகிறவர் என்றால் அந்த ஊர்க் கணக்கு, கன்சோலை ஊரில் விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்றால் இந்தியக் கணக்கு. இதைப் பெட்டி பிரிக்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.

நெட்டை நம்பிய கூடுதல் வசதிகளில் எனக்கு இருக்கும் இன்னொரு மனக்குறை, அவை நிலைப்பதில்லை. நின்டெண்டோவின் வீ கன்சோலில் வானிலை, செய்தி என்று தனித்தனிச் சேனல்கள் இருந்தன. 2013-இல் நிறுத்திவிட்டார்கள். பிளேஸ்டேஷன் கடையில் படம் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம் என்று இருந்தது, 2021 ஆகஸ்டோடு முடிந்தது. பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் போட்டுக்கொள்ளும் வசதியைச் சோனியே கொடுத்திருந்தது. அதை நம்பி அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3-களைச் சேர்த்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. ஆனால் 2010 ஏப்ரலில் ஒரு அப்டேட் மூலம் அந்த வசதியைச் சோனி எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து ஒரு வசதியைப் பின்னால் பிடுங்குவது எனக்கு ஏற்கவே முடியாத செயல். கல்யாண டிவிடி ஓட்டிய பெட்டி, டிஸ்க்கும் லென்ஸும் இருக்கும்வரை ஓட்டும். ஆப் அப்படி இல்லை. அதனால் கன்சோல் வாங்கும்போது அதில் இருக்கும் ஆப்களுக்காக ஒரு ரூபாய் கூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

இத்தனைக்கும் மேலாக என்னைப் பாதிப்பது வேறு. அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கன்சோல் அவன் அறையில் இருந்தது. கேம் ஆடுகிறான் என்று அக்கா திட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேம் திறப்பான், ஒரு கஷ்டமான இடத்தில், பாஸ் எனப்படும் பெரிய எதிரியிடம் தோற்பான், உடனே வெளியே வந்து யூடியூபைத் திறப்பான். வேறு யாரோ அதே கேமை ஆடுவதைப் பார்ப்பான். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. கேமுக்குத் திரும்பிப் போகவே இல்லை. ஏன்டே முடிக்கலியா என்று கேட்டேன். "அந்த பாஸ எப்படி அடிக்கதுன்னு பாத்தாச்சு மாமா, இனி என்னத்துக்கு வெளையாடணும்?" என்றான்.

எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. கேம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பெரிய விஷயம், தோற்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப நின்று கை பழகுவது. ஒரு எதிரி எப்போது வாளை ஓங்குகிறான், எந்த நொடியில் விலக வேண்டும் என்று உடம்பு தானே கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை வேறு யாரும் நமக்காக அனுபவித்துக் கொடுக்க முடியாது. ஒரே பொத்தான் தூரத்தில் யூடியூப் இருந்தால், ஆட உட்கார்ந்த பிள்ளை பார்க்க உட்கார்ந்துவிடுகிறது. பெரியவர்கள் இரண்டையும் சேர்த்து "கேம் பைத்தியம்" என்று ஒரே பெயரில் திட்டுகிறார்கள். பிள்ளை கேம் ஆடியதே அரை மணி நேரம்தான் இருக்கும்.

நாங்கள் செய்தது எளிமையானது. கன்சோலை ஹாலுக்குக் கொண்டுவந்தோம். யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் ஆப்களைக் கன்சோலிலிருந்து நீக்கினோம். வீடியோ பார்க்க வேண்டுமென்றால் டிவியிலேயே பார்க்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கன்சோலை ஆன் செய்தால் கேம் மட்டும். அவனுக்கு எங்கள் கணக்கின் கீழ் சிறுவர் கணக்கு தொடங்கி, முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதையும், கேட்காமல் காசு செலவழிப்பதையும் அடைத்தோம். அதே பாஸை அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்து முடித்துவிட்டுப் போட்ட கூச்சலில் மாடியில் இருந்த அக்கா இறங்கி ஓடிவந்தாள்.

ஆப்களை நீக்குவது இன்றைக்குச் சுலபம், ஏனென்றால் டிவியே ஸ்மார்ட் டிவியாகிவிட்டது. பத்து வருடம் முன்பு அப்படி இல்லை. சாதாரண டிவியில் நெட் படம் பார்க்கக் கன்சோல்தான் வழியாக இருந்தது. அன்றைக்கு அது நியாயமான வசதி. இன்றைக்கு அதே ஆப் டிவியில், போனில், டிவியில் செருகும் ஸ்டிக்கில் எல்லாம் இருக்கும்போது கன்சோலில் பார்ப்பது கரண்டுக்கும் நஷ்டம். பிளேஸ்டேஷன் 5-இல் படம் ஓடினால் ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். தினமும் 4 மணி நேரம் என்றால் நம்ம இரண்டு மாத ரீடிங்கில் 12 யூனிட். 5 வாட் ஸ்டிக்குக்கு அதே வேலை 1.2 யூனிட். தொகை சிறியதுதான். ஆனால் கடலோர வீடுகளில் உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஃபேன் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் கன்சோலின் ஆயுளில்தான் போகிறது. குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் கன்சோல்களைத் திறந்தால் உள்ளே திருகாணிகளில் துரு பிடித்திருக்கும். அந்த ஃபேன் கேமுக்கு மட்டும் சுற்றட்டும்.

இதைவிடக் கவனிக்காமல் போவது தூங்கும் கன்சோல். எக்ஸ்பாக்ஸில் ஸ்லீப் நிலையில் வைத்தால் 10 முதல் 15 வாட் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் இரண்டு மாதம் என்றால் 14 முதல் 22 யூனிட் வரை. தினம் நாலு மணி நேரம் படம் பார்ப்பதை விட அதிகம். ஷட்டவுன் என்ற தேர்வுக்கு மாற்றினால் இது ஒரு யூனிட்டுக்கும் கீழே போய்விடும். கரண்ட் அடிக்கடி போய்வரும் இடத்தில் முழுதாக அணைப்பதுதான் கன்சோலுக்கும் பாதுகாப்பு. பெரிய டவுன்லோட் இருக்கும் இரவு மட்டும் ஸ்லீப்பில் விடலாம்.

சேமிப்பு இடப் பிரச்சினையும் ஒன்று உண்டு. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 825 ஜிபி என்று போட்டிருக்கும், கேமுக்குக் கிடைப்பது 667 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் 512-க்கு 364 ஜிபி. ஒரே கேம் 100 ஜிபியைத் தாண்டும் காலத்தில் இது சட்டென்று நிறையும். கேமில் ஒரு சாதனையை முடித்தால் கிடைக்கும் விருதுக்கு டிராஃபி என்று பெயர்; பிளேஸ்டேஷன் 5 அப்படி ஒவ்வொரு முறையும் தானாகவே வீடியோ எடுத்துச் சேமிக்கும். நண்பர்களுக்கு அனுப்பாதவர்களுக்கு அது வீண். செட்டிங்ஸில் கேப்சர்ஸ் அண்ட் பிராட்காஸ்ட்ஸ் பிரிவுக்குப் போய், டிராஃபிஸ் என்பதில் வீடியோ சேமிப்பை நிறுத்திவிடலாம். நெட் மெதுவான மலையோர வீடுகளில், குலசேகரம் பக்கமெல்லாம், ஒரு கேமை அழித்துவிட்டுத் திரும்ப இறக்குவது சிரமம். சாதாரண யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிளேஸ்டேஷன் 5 கேமை ஓட்ட முடியாது, ஆனால் நகர்த்தி வைக்கலாம். அழிப்பதற்குப் பதில் அங்கே ஒதுக்கி வையுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் கேம் ஒரு பக்கம், மீடியா இன்னொரு பக்கம் என்று முகப்பையே பிரித்து வைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த அமைப்பு. வேண்டியவர் அந்தப் பக்கம் போகட்டும், வேண்டாதவர் கண்ணில் படாது. ரிமோட் பிளேயும் எனக்குப் பிடிக்கும். ஹால் டிவியில் மைனி சீரியல் பார்க்கும்போது நான் போனில் என் கேமைத் தொடர்கிறேன். கேமுக்கு வழிவிடும் வசதி எதுவானாலும் வரட்டும். முகப்பைத் திறந்ததும் விளம்பரக் கட்டம், புதுச் சந்தா, வராத கேமின் டிரெய்லர் என்று நிற்பவைதான் எனக்கு உறுத்துகின்றன. ஆன் செய்தால் கடைசியாக விட்ட கேம் நேராகத் திறக்க வேண்டும், மற்றதெல்லாம் நாம் தேடினால் வர வேண்டும். அப்படி ஒரு தேர்வை எல்லாக் கன்சோலிலும் கேட்டு வாங்குவது நம் உரிமை.

இந்த லீவுக்கு யாராவது கொண்டுவருவதாக இருந்தால், டிஸ்க் டிரைவ் உள்ளதையே கேளுங்கள். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் உள்ளதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் 10,000 ரூபாய். பழைய டிஸ்க்கை விற்று, கைமாறிய டிஸ்க்கை வாங்கி அந்தப் பணத்தை மீட்டுவிடலாம். 2023-க்குப் பிறகு வரும் மெல்லிய மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாகக் கழற்றி மாட்டலாம், ஆனால் முதல்முறை மாட்டும்போது அதைக் கன்சோலோடு இணைக்க நெட் வேண்டும். அந்த வேலையையும் முதல் அப்டேட்டையும் அங்கேயே முடித்துவிட்டுப் பெட்டி கட்டச் சொல்லுங்கள்.